கட்டைவிரலுக்கு அடியில் ஒரு வார்த்தை

அம்மாவின் இடது கட்டைவிரல் சற்றே சப்பையானது. நகத்தின் ஓரத்தில் அரிவாள்மணை வெட்டிய பழைய தழும்பு ஒன்று உண்டு. மஞ்சள் கறை எப்போதும் இருக்கும். அந்த விரலை நினைக்கும்போதெல்லாம், அச்சிட்ட வரி ஒன்றில் ஒரே ஒரு வார்த்தையை மூடிக்கொண்டு அது அசையாமல் இருப்பதாகத்தான் எனக்கு நினைவு வருகிறது. மூடிய வார்த்தைக்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் அம்மா மாற்றி மாற்றி வாய்க்குள் படிப்பாள். உதடு மட்டும் அசையும். பிறகு, பால் பொங்கிவிட்டதா என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பவள் போல விரலை மெல்ல விலக்கி அடியில் எட்டிப் பார்ப்பாள். அவள் சரியாகச் சொல்லிவிட வேண்டுமே என்று நான் வேண்டாத தெய்வம் கிடையாது.

அப்போது நாங்கள் சிகந்தராபாத் மாரெட்பள்ளியில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா பாலாநகரில் ஒரு மத்திய அரசு ஆலையில் வேலை பார்த்தார். நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆலையில் இரக்கப்பட்டு அம்மாவுக்கு ஸ்டோர்ஸ் பிரிவில் உதவியாளர் வேலை கொடுத்தார்கள். சிவகங்கையில் ப்ளஸ் டூ வரை படித்தவள் அம்மா. ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பாள், கணக்கு நன்றாக வரும். தெலுங்கு என்பது அவளுக்குக் காய்கறி வண்டிக்காரரிடம் பேசும் அளவுக்குத்தான். இந்தி சுத்தமாக வராது. ஆனால் அந்த வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் இந்தித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். இரண்டு முறை எழுதலாம். இரண்டாவது முறையும் தவறினால் வேலை இல்லை.

வேலை இல்லையென்றால் சிவகங்கையில் மாமா வீடுதான். மாமா நல்லவர், அத்தையும் நல்லவர். ஆனாலும் அம்மாவுக்கு அந்த நினைப்பே கசந்தது. “விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான் பாப்பா” என்பாள். என் பயம் வேறு மாதிரி. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுதவோ படிக்கவோ வராது. பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும்தான். சிவகங்கைப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்து, அந்த வெட்கத்தை முன்கூட்டியே பட்டுத் தீர்த்தேன். கவலைப்படுவதில் நான் அந்த வயதிலேயே கைதேர்ந்தவள். நடக்காததற்கெல்லாம் முன்பணம் கட்டி அழுதிருக்கிறேன். தமிழ் எழுத்தை அம்மாவிடம் கற்றுக்கொண்டது வெகு பிற்பாடு.

இந்தித் தேர்வுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். கதை, கவிதை எதுவும் கிடையாது. ஏழெட்டு வரிகளில் தகவல் சொல்லும் பத்திகள். உப்பு எப்படி எடுக்கிறார்கள், ஒட்டகம் எப்படித் தாகம் தாங்குகிறது, தபால்தலை எதற்கு, எறும்பு எப்படிச் சேமிக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் பகையில்லாத விஷயங்கள். ஒவ்வொரு பத்தியிலும் சில வார்த்தைகளுக்கு அடிக்கோடு இட்டிருக்கும். அவற்றுக்கு எளிய இந்தியிலேயே பொருள் எழுத வேண்டும். ஆலையில் மதிய உணவு நேரத்தில் எழுத்திலிருந்து சொல்லிக்கொடுத்த இந்தி ஆசிரியர் வடக்கே ஏதோ ஓர் ஊர்க்காரர். தெரியாத வார்த்தையைக் கண்டால் பயப்பட வேண்டாம், அதனுடைய பக்கத்து வீடுகளில் விசாரியுங்கள் என்று சொன்னாராம். கட்டைவிரலால் மூடுவது மட்டும் அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. தெரியாத வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது முறைக்கிறது, அதனால் முதலில் அதன் முகத்தை மூடிவிட வேண்டும் என்பது அவள் கட்சி.

ஒட்டகப் பத்தியில் ‘ரேகிஸ்தான்’ என்று ஒரு வார்த்தை வந்தது. அம்மா அதை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். எனக்கு அர்த்தம் தெரியும், வாய் அரித்தது. கடைசியில் அம்மா சொன்னாள்: “மணல் இருக்கு, தண்ணி இல்ல, ஒட்டகம் நடக்குது. ராமேஸ்வரமா இருக்காது, அங்க ஒட்டகம் கெடையாது. பாலைவனம்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்த முதல் தடவை அதுதான் என்று நினைக்கிறேன். நான் மற்ற வார்த்தைகளுக்கும் அர்த்தம் சொல்லட்டுமா என்று ஆவலாகக் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். “பரீட்சை ஹாலுக்கு நீ வருவியா?” என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நாங்கள் சிகந்தராபாத் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு நிற்பது போல இருக்கும்.

முதல் தேர்வை அம்மா தெம்பாகத்தான் எழுதிவிட்டு வந்தாள். தெரியாத வார்த்தை ஒன்றிரண்டுதான் வந்தது, மற்றதெல்லாம் தெரிந்ததுதான் என்றாள். எனக்கு அன்று ஒரு வேளை நிம்மதியாகச் சோறு இறங்கியது. முடிவு வந்தபோது தேறவில்லை. எங்கே மதிப்பெண் போனது என்று இந்தி ஆசிரியர் அவளிடம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாராம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ‘ஸன்ஸார்’ என்றால் இந்தியில் உலகம். அம்மா சம்சாரம் என்று எடுத்துக்கொண்டு மனைவி என்று எழுதிவிட்டாள். உலகம் முழுவதற்கும் உப்பு வேண்டும் என்ற இடத்தில் எல்லா மனைவிமாருக்கும் உப்பு வேண்டும் என்று ஆகிவிட்டது. ‘ஷிக்ஷா’ என்றால் கல்வி. தெலுங்கில் சிக்ஷ என்றால் தண்டனை. ஆகவே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தண்டனை தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாள். அதுகூட அவ்வளவு பொய்யில்லை என்று எனக்குத் தோன்றியது, ஆனால் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. ‘கல்யாண்’ என்றால் நலன். தொழிலாளர் நலப் பிரிவை அம்மா தொழிலாளர் கல்யாணப் பிரிவாக்கி விட்டாள். இன்னும் ஒரு தடவைதான் பாக்கி.

அம்மா அந்த வாரம் முழுக்கப் புத்தகத்தைத் தொடவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் சிவகங்கை என்ற வார்த்தை வெளியே வந்துவிடுமோ என்று பயம்.

அந்த வாரத்தில் ஒரு நாள்தான் எனக்கு மழையும் எதிர்வீட்டு ஆன்ட்டியும் ஒன்றாக வாய்த்தார்கள். ஆன்ட்டி தெலுங்குக்காரர். அப்பா இறந்தபோது முதலில் ஓடிவந்தவர் அவர்தான். காரியமெல்லாம் முடிந்த அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏமைனா அவசரம் உண்டே செப்பண்டி” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா தலையாட்டினாள். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலாக ஆன்ட்டி வீட்டுப் படியை நாங்கள் மிதிக்கவில்லை. கேஸ் தீர்ந்தபோது மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா லீவு போட்டுவிட்டுத் தனியாக ஆட்டோ பிடித்தாள். எதிர்வீட்டில் சொல்லலாமா என்று நான் கேட்டால், “இது என்ன அவசரமா? அவசரம்னா தான சொல்லச் சொன்னாங்க” என்பாள். எதுதான் அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. வீடு பற்றி எரிந்தால்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வர வர ஆன்ட்டியும் எங்களைக் கண்டால் லேசாகச் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்த ஆரம்பித்தார்.

அன்று பள்ளியிலிருந்து வந்தால் சாவி என்னிடம் இல்லை. சாரல் அடிக்கும் படிக்கட்டில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வரும் பஸ் தாமதம். ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்தார், திரும்ப உள்ளே போனார், மறுபடி வந்தார். பிறகு பக்கத்தில் வந்து குனிந்து, உங்கள் அம்மாவுக்கு எங்கள் மேல் கோபமா என்று தெலுங்கில் கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது. இல்லை ஆன்ட்டி, அவசரம் என்றால்தானே நீங்கள் சொல்லச் சொன்னீர்கள் என்றேன். அவர் நனைந்த என் தலையையும் பையையும் பார்த்தார். “அவசரம் உந்தி கதா” என்றார்.

அவசரம் இருக்கிறதே என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. பள்ளியில் நூறு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன், பென்சில் அவசரம், ஸ்கேல் அவசரம் என்று. வீட்டில் அம்மாவோடு பேசும்போது அதே வார்த்தை ஓட்டமும் பதற்றமுமாக இருந்தது. இரண்டும் என் வாயில் தனித்தனிப் போர்ஷன்களில் குடியிருந்தன. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

அம்மா வந்ததும் சொன்னேன். அவள் முந்தானையால் என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள், கை அப்படியே நின்றுவிட்டது. “தேவைன்னா சொல்லுங்கன்னா சொன்னாங்க?” என்று மெதுவாகக் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். “ஒரு வருஷமா கதவத் தெறந்து வச்சிருந்திருக்காங்க பாப்பா. நான் அவசரம் வரட்டும்னு இருந்திருக்கேன்” என்றாள். அப்புறம் அழுதாள். அப்பாவுக்காக வந்தவர்கள் முன்னால் அழுத அழுகை இல்லை அது. தனியாகச் சுமந்ததெல்லாம் தேவையில்லாமல் சுமந்தது என்று தெரிந்தால் வரும் அழுகை. நானும் கூட அழுதேன், எனக்கு அழுவதற்குக் காரணம் பெரிதாக வேண்டியதில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அம்மா எதிர்வீட்டுக்குப் போனாள். பாலுக்கு உறை வேண்டும் என்று கேட்கத்தான். உறைமோருக்குத் தெலுங்கில் தோடு என்று பெயர். துணைக்கும் அதே பெயர்தான் என்று ஆன்ட்டி அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தார். தமிழில் அது காதில் போடுவது என்று அம்மா பதிலுக்குச் சொன்னாளாம். டம்ளரில் ஒரு கரண்டி மோர் வாங்கப் போனவள் திரும்பி வர இருட்டிவிட்டது.

மறுநாள் மாலை அம்மா இந்திப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தாள். கட்டைவிரல் பழையபடி வரியின் மேல் வந்து உட்கார்ந்தது. ஆனால் மூடியது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தையை. நான் விழித்தேன். “தெரியாதவன் ஏமாத்த மாட்டான் பாப்பா, அவன்கிட்ட நம்மளே சூதானமாத்தான் இருப்போம். தெரிஞ்ச மூஞ்சிதான் ஏமாத்தும்” என்றாள். அதிலிருந்து, பார்த்தவுடன் புரிந்துவிட்டது போலத் தோன்றும் ஒவ்வொரு வார்த்தையையும் மூடிவைத்துவிட்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகே உள்ளே விட்டாள். படிக்கும் வேகம் பாதியாகிவிட்டது. தேர்வில் நேரம் போதாமல் போய்விடுமே என்று நான் பயந்தேன். சொன்னால் அவளுக்கும் அந்தப் பயம் தொற்றிவிடும் என்று சொல்லாமல் இருந்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியவள் இப்போது பாலையே சந்தேகப்பட்டால் எப்படித் தேறுவது என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது தேர்வு நாளன்று எனக்குப் பள்ளி விடுமுறை. ஆன்ட்டியோடு சிகந்தராபாத் பஸ் நிலையத்துக்குப் போய் அம்மாவுக்காகக் காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆன்ட்டி அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டார். நடந்துகொண்டே அம்மா சொன்னாள், எறும்பைப் பற்றி ஒரு பத்தி வந்ததாம். குளிர்காலத்தில் எறும்புக்கு உணவு தேடும் ‘அவசர்’ கிடைப்பதில்லை, அதனால் கோடையிலேயே சேமித்துக்கொள்கிறது என்று ஒரு வரி. அவசர் என்பதற்கு அடிக்கோடு. எனக்குத் தெரியும், இந்தியில் அதற்கு வாய்ப்பு என்று பொருள். தமிழிலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை, மூன்றாவதாக ஒன்று. நான் நடையை நிறுத்திவிட்டேன்.

என்ன எழுதினீர்கள் என்று ஆன்ட்டிதான் கேட்டார். முதலில் அவசரம் என்றுதான் கை போனதாம். பிறகு எதிர்வீடு ஞாபகம் வந்து தேவை என்று போனதாம். அப்புறம் விரலை வைத்து மூடிக்கொண்டாளாம். “கெடைக்கிறதில்லன்னு போட்டிருக்கான். அவசரம் எங்கயாச்சும் கெடைக்குமா? தேவைதான் கெடைக்குமா? அது ரெண்டும்தான் நம்ம கைல எப்பவும் இருக்கே. நம்மகிட்ட இல்லாதது என்னவோ, அதுதான கெடைக்கணும்” என்றாள். அப்படி யோசிக்கும்போதுதான், ‘ஏக் மௌகா தேவ் பாய்’ என்று பஸ்ஸில் தினமும் யாராவது கண்டக்டரிடம் கெஞ்சுவது நினைவுக்கு வந்ததாம். ஒரு தடவை விடுங்கள், ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று அர்த்தம். மௌகா என்று எழுதிவிட்டாள்.

நான் நடுரோட்டில் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை சரியாகிவிட்டதால் தேர்வு தேறிவிட்டது என்று ஆகாதுதான். முடிவு வரும்வரை எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ஆனால் தேறினாள். வேலை நிரந்தரமானது. அன்று அம்மா எங்கள் வீட்டுப் பூட்டைத் திறக்கும் முன் எதிர்வீட்டுக் கதவைத்தான் தட்டினாள். நான் சிவகங்கைக்குப் போகவில்லை, போகாத அந்தப் பள்ளிக்கூடம் மட்டும் ரொம்ப நாள் கனவில் வந்துகொண்டிருந்தது.

இப்போது நாங்கள் அதே ஊரின் இன்னொரு மூலையில், கொண்டாப்பூரில் இருக்கிறோம். நானும் என் கணவரும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். அம்மா ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறாள். என் மகள் பாட்டி தமிழில் கேட்பதற்கெல்லாம் தெலுங்கில் பதில் சொல்கிறாள், “சாப்பிடுறியா” என்றால் “நக்கோ”, அதாவது வேண்டாம், என்று இந்த ஊர் இந்தியிலும். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. ஏழெட்டு வரிதான். என் பணியைப் பாராட்டி, நிறுவனம் புதிய திசையில் நடைபோடுவதைச் சொல்லி, எனக்கும் ஒரு புதிய ‘ஆப்பர்ச்சுனிட்டி’யின் தொடக்கம் இது என்று எழுதியிருந்தார்கள். நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வேறு டீமுக்கு மாற்றுகிறார்கள் போல என்று கணவரிடம் சொன்னேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், வந்து பேசிக்கொள்ளலாம் என்று மகளைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போனார். திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது, ஆனாலும் போனைக் கீழே வைக்க முடியவில்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்த வருஷங்களில் அவள் ஆங்கிலம் தேறியிருந்தது. பாதியில் நின்று, இடது கட்டைவிரலை அந்த வார்த்தையின் மேல் வைத்தாள். தோல் சுருங்கியிருக்கிறது, இப்போது லேசாக நடுக்கம் வேறு. காகிதம் போலப் போன் சும்மா இருக்குமா? வார்த்தை நீலமாகி, மேலே ஏதோ ஒரு பெட்டி எட்டிப்பார்த்தது. அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

“இத விட்டுட்டுப் படி” என்றாள்.

விட்டுவிட்டுப் படித்தேன். மாதக் கடைசியில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து எந்தக் கோப்பும் திறக்காது. இன்ஷூரன்ஸ் எதுவரை என்று ஒரு வரி. அடுத்து வாழ்த்துகள். பக்கத்து வீடுகளில் விசாரித்தாயிற்று, எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். வேலை போய்விட்டது. சோபாவில் உட்கார்ந்தேன். வீட்டுக் கடன், மகளின் பள்ளி, என் வயது, எல்லாம் ஒரே நேரத்தில் கதவைத் தட்டின. எனக்குத் தெரிந்த எல்லாப் பயங்களும் வந்தன. அம்மா முன்னால் அழக்கூடாது என்று மட்டும் இருந்தேன். அவள் இதைவிடப் பெரியதைத் தனியாகக் கடந்தவள், நான் என்ன சொல்லி அழுவது. சமாளித்துக்கொள்வேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீரைப் பச்சை ஒட்டிய அந்தக் கட்டைவிரலால் என் புறங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தமிழில்தான் கேட்டாள், ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எதிர்வீட்டு ஆன்ட்டி சொன்ன மாதிரியே, நிதானமாக, ஓட்டமும் பதற்றமும் இல்லாமல் சொன்னாள்.

“ஏதாச்சும் அவசரம் இருக்கா பாப்பா?”

“இருக்கும்மா” என்றேன்.